தராசைச் சோதிப்பவர் யார்?



பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாளியைத் தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்குப் போனால் கண் தராசின் மேல்தான் நிற்கும். கிராணியார் மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்க்கும்போது நாமும் எட்டிப் பார்ப்போம். காய்ந்த ரப்பர் கணக்கில் ஒரு புள்ளி குறைந்தால் மாதக் கடைசியில் சம்பளம் குறையும் என்பது நமக்குத் தெரியும். "இந்தத் தராசை யாருங்க சோதிச்சது?" என்று கேட்க நம் ஆட்கள் பயந்ததில்லை.

சம்பளத்துக்காகக் கேட்கும் இந்தக் கேள்வியை உயிருக்காகக் கேட்கிறோமா? புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுக்கப் போகும்போது அங்கேயும் ஒரு தராசு இருக்கிறது. அதைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறார். அவரைப் பற்றி நமக்குத் தெரியாததால் நாம் இழந்தது கொஞ்சமல்ல. என் அனுபவத்தையே சொல்கிறேன்.

அக்காளின் கதை

நான் பல வருடம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவன். 2003ஆம் ஆண்டில் எங்கள் லயத்தில் ஓர் அக்காள் இருந்தார். மருந்தடிப்பு வேலை. மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து மறுபடியும் இரத்தம் பட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் வெளியில் சொல்லவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சு கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் தைரியம் சொன்னார்.

போய்விட்டு வந்த அக்காள் என்னிடம் வந்து குமுறினார். "என்னத்த தம்பி, படுக்க வச்சுப் படம் புடிச்சாங்க. வயித்துல மையால கோடு போட்டாங்க. ஒரு மாத்திரை இல்ல, ஊசி இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வான்னுட்டாங்க. ஏழைன்னா இப்படித்தான் தள்ளி வைப்பாங்க."

அந்தக் கோடுகளைக் குளிக்கும்போது தேய்த்துக் கழுவிவிட்டார். அக்கம்பக்கத்தில் வேறு, "கரண்டு வச்சா உள்ளுக்குள்ள கருகிப் போயிடும்" என்று பயங்காட்டினார்கள். ஒருவழியாகச் சமாதானம் சொல்லி அழைத்துப் போனோம். ஒன்பது நாள் போனார். பிறகு, வேலைக்குப் போகாததால் சம்பளம் இல்லை, பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று நின்றுவிட்டார். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

"அந்த ரெண்டு வாரம் அவங்க என்னதான் செய்றாங்க தம்பி?" என்று அக்காள் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "வரிசை நீளமா இருக்கும்க்கா" என்று சொல்லி வைத்தேன். வரிசையும் இருந்திருக்கும். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியை நான் தெரிந்துகொள்வதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தக் கடனை இந்தப் பக்கத்தில் தீர்க்கப் பார்க்கிறேன்.

நாம் பார்க்காத மூன்றாவது ஆள்

கதிர்வீச்சுச் சிகிச்சையில் நோயாளி பார்ப்பது பெரும்பாலும் இரண்டு பேரை. எந்த இடத்தில், எவ்வளவு கதிர் என்று எழுதுபவர் டாக்டர். நம்மைப் படுக்கவைத்து மெஷினை ஓட்டுபவர் ரேடியோகிராபர். மூன்றாவது ஒருவர் இருக்கிறார். அவருக்கு மருத்துவப் பௌதிகர் என்று பெயர். இப்போது மருத்துவ இயற்பியலாளர் என்று எழுதுகிறார்கள். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் "பெகாவாய் சாயின்ஸ் ஃபிசிக்" என்று கேட்டால் காட்டுவார்கள்.

அவர் ஊசி போடுபவர் அல்ல. பௌதிகமும் கணக்கும் படித்தவர். டாக்டர் 50 என்று எழுதினால், நோயாளியின் உடம்பில் விழுவது 50 தானா, அல்லது 40ஆ, 60ஆ என்று பார்ப்பது அவர் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், தராசைச் சோதிப்பவர் அவர்தான்.

அந்த 50 என்பது என்ன? கதிர்வீச்சை அளக்கும் அலகுக்குக் கிரே என்று பெயர். லூயிஸ் ஹரால்ட் கிரே என்ற இங்கிலாந்துப் பௌதிகரின் பெயரால் 1975ஆம் ஆண்டு வைத்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து வழக்கமாகக் கொடுப்பது 45 முதல் 50 கிரே. நாளுக்கு ஏறக்குறைய 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாளாக, மொத்தம் 25 நாள் வரும். அதோடு உள்ளே குழாய் வைத்துக் கொடுப்பதும் உண்டு. வாய், தொண்டைப் புற்றுக்கு 70 கிரே வரை போகும். 35 நாள், ஏழு வாரம்.

"கருகிப் போயிடும்" என்கிறார்களே, அது உண்மையா? ஒரு கிலோ தண்ணீரில் 2 கிரே கதிர் விழுந்தால் அதன் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏறாது. ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்தால் அதைவிட அதிகச் சூடு உள்ளே போகிறது. கதிர் வேலை செய்வது சூட்டால் அல்ல. செல்லுக்குள் இருக்கும் மரபுச் சரட்டை அறுத்துவிடுகிறது. சரடு அறுந்த செல் பெருக முடியாமல் சாகிறது. நல்ல செல்லுக்கும் அடி விழும். ஆனால் நல்ல செல் இராத்திரியோடு இராத்திரியாகத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும். புற்று செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதனால்தான் ஒரே நாளில் கொட்டாமல் நாள்நாளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

பக்கவிளைவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தோல் கறுக்கும், வயிறு போகும், சோர்வு வரும். பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில வாரத்தில் தணியும். சிலருக்கு நாள்பட்ட தொல்லையும் தங்கலாம். வெளியிலிருந்து கதிர் வாங்கியவர் உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்

மருந்தடிப்பு வேலை செய்த தாய்மார்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். மருந்து தண்ணியாக இருந்தால் லாலான் திரும்ப முளைக்கும். கெட்டியாக இருந்தால் பக்கத்தில் நிற்கும் செம்பனைக் கன்றும் கருகும். கதிர்வீச்சும் அப்படித்தான். கர்ப்பப்பைக்கு முன்னால் மூத்திரப்பை இருக்கிறது. பின்னால் மலக்குடல் இருக்கிறது. நடுவில் இருக்கும் புற்றுக்கு முழு அளவும் விழவேண்டும். பக்கத்தில் இருப்பவற்றுக்கு முடிந்த மட்டும் குறையவேண்டும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கணக்கு பிசகக்கூடாது என்று 1976லேயே அனைத்துலக நிபுணர் குழு வரம்பு கட்டிவிட்டது.

அக்காள் கேட்ட அந்த இரண்டு வாரத்தில் நடப்பது இதுதான். பிடித்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, புற்று எது, மூத்திரப்பை எது, குடல் எது என்று டாக்டர் கோடு போட்டுப் பிரிக்கிறார். எத்தனை பக்கத்திலிருந்து, எந்தச் சாய்வில், எவ்வளவு நேரம் கதிர் விட்டால் அந்த அளவு சரியாக விழும் என்று பௌதிகரின் பிரிவு கணக்குப் போடுகிறது. போட்ட கணக்கை வேறு வழியில் மறுபடியும் போட்டுப் பார்க்கிறார்கள். சிக்கலான கணக்காக இருந்தால், நோயாளிக்குப் பதில் ஒரு பொம்மை உடம்பை மேசையில் வைத்து, மெஷினை ஓட்டி அளந்து பார்க்கிறார்கள். பிறகுதான் நமக்குக் கடிதமோ போனோ வருகிறது.

அக்காள் கழுவிய கோடும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். காட்டில் நிரைக்குக் கல் நட்டு வைப்பது போல, மெஷினுக்கு உடம்பில் நட்ட கல் அது. அழிந்துபோனால் தினமும் ஒரே இடத்தில் கதிர் விழாது. இதை அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் அவர் கழுவியிருக்க மாட்டார்.

நோயாளிக்கான கணக்கு ஒருபுறம். மெஷினையும் சோதிக்கவேண்டும். தினமும் காலையில் முதல் நோயாளி உள்ளே வருமுன், பௌதிகர் வகுத்த முறைப்படி மெஷினைச் சோதிக்கிறார்கள். குறித்த நாட்களில் அவரே தண்ணீர்த் தொட்டியை மெஷினுக்குக் கீழே வைத்து, சுண்டுவிரல் நுனியளவு உள்ள ஓர் அளவுக்கருவியைத் தண்ணீருக்குள் இறக்கி அளக்கிறார். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் இந்த ஏற்பாடு. அந்தக் கருவிக்குள் இருக்கும் காற்றின் சூட்டையும் அழுத்தத்தையும்கூடக் குறித்துக் கணக்கில் சேர்க்கிறார்.

அந்தக் கருவி சரியா என்று யார் பார்ப்பது? அதையும் சோதிக்கவேண்டும். நம் நாட்டில் பாங்கியில் உள்ள நியூக்ளியர் மலேசியா நிறுவனத்தில் அதற்கென்று ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1969 முதல் வியன்னாவில் உள்ள அனைத்துலக அணுசக்தி நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து தபாலிலேயே சோதனை நடத்தி வருகின்றன. சிறிய அளவுக்குப்பி ஒன்றை அனுப்பி, "இதற்கு 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்" என்கிறார்கள். வந்ததை அளந்து, கொடுத்தது 2 தானா என்று எழுதிவிடுகிறார்கள். பார்த்தீர்களா, தராசுக்கும் ஒரு தராசு!

கணக்கு தவறிய இடங்கள்

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். மூன்றும் வெளிநாட்டில் நடந்தவை, மூன்றும் விசாரித்து எழுதி வைக்கப்பட்டவை.

முதலாவது, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம். 1974 முதல் 1976 வரை நடந்தது. கோபால்ட் மெஷினில் உள்ள கதிர் மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வீதம் தானாகவே குறையும். குறையக் குறைய நேரத்தைக் கூட்டவேண்டும். அங்கே இருந்த பௌதிகர், உண்மையில் குறைவதைவிட வேகமாகக் குறைவதாகக் கணக்குப் போட்டுவிட்டார். 22 மாதம் யாரும் மெஷினை அளந்து பார்க்கவில்லை. 426 நோயாளிகளுக்கு அளவு மீறிக் கதிர் விழுந்தது.

இரண்டாவது, கோஸ்ட்டா ரிக்கா நாட்டின் சான் ஹோசே நகரம், 1996ஆம் ஆண்டு. கோபால்ட் மெஷினுக்குப் புதிய கோபால்ட் போட்டார்கள். 0.3 நிமிடம் என்றால் 18 விநாடி. அதை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் செய்யும் தவறுதான். 115 பேர் அளவைவிட அரைப் பங்குக்கு மேல் கூடுதலாக வாங்கினார்கள். பலர் மாண்டார்கள்.

மூன்றாவது, இங்கிலாந்தின் ஸ்டோக் நகரப் பக்கம். 1982ல் சிகிச்சைக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தூரத்துக்காகக் கையால் போடும் ஒரு திருத்தத்தைக் கம்ப்யூட்டரே போட்டுவிட்டது. அது தெரியாமல் ஆட்களும் மறுபடியும் அதையே போட்டார்கள். எட்டு வருடத்துக்கு மேல் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இங்கே நடந்தது நேர்மாறு. 1,045 நோயாளிகளுக்குக் கதிர் குறைந்துபோயிற்று. யாருக்கும் தோல் கருகவில்லை, யாரும் புகார் செய்யவில்லை. போன நோய் திரும்பி வந்தபோது விதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இப்போதான் எல்லாம் கம்ப்யூட்டராச்சே, அளக்கிறதுக்கு ஆள் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்றாவது சம்பவமே பதில். கம்ப்யூட்டர் சொன்னதைச் சொன்னபடி செய்யும். தவறாகச் சொன்னால் அந்தத் தவற்றையும் ஆயிரம் தடவை பிசகாமல் செய்யும். "பொறு, இது சரியா?" என்று கேட்க மனிதன் வேண்டும்.

கதிர்வீச்சு ஆபத்தானது, ஓடிவிடுங்கள் என்று சொல்ல இதை நான் எழுதவில்லை. தவறுகளை விசாரித்து, வெளியில் சொல்லி, அதிலிருந்து புது விதிகள் எழுதியதால்தான் இந்தச் சிகிச்சை இன்றைக்கு இவ்வளவு நம்பிக்கையாக இருக்கிறது. நாம் பயப்படவேண்டியது கதிருக்கு அல்ல, அளக்காமல் விடும் கதிருக்கு.

நோயாளியாகப் போனால்

சிகிச்சைக்குப் போகிறவர்கள் நாலு விஷயத்தை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: படம் பிடித்த பிறகு காத்திருக்கச் சொன்னால் ஒதுக்கிவிட்டார்கள் என்று கோபப்பட்டு நாட்டு வைத்தியம் தேடி ஓடாதீர்கள். "கணக்கு எப்போ முடியும், எந்தத் தேதிக்கு வரணும்?" என்று கேட்டு, தேதியை எழுதி வாங்குங்கள். சொன்ன நாள் தாண்டினால் போய்க் கேளுங்கள்.

இரண்டு: உடம்பில் போட்ட கோட்டைத் தேய்க்காதீர்கள். மங்கிப்போனால் நீங்களே பேனாவால் போடாமல் ரேடியோகிராபரிடம் காட்டுங்கள்.

மூன்று: ஆரம்பித்தால் நிறுத்தாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு முழுச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடியவேண்டும். அதற்கு மேல் இழுத்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வீதம் நோயை அடக்கும் வாய்ப்பு குறைகிறது. ஒரு நாள் தவறிவிட்டால் சொல்லுங்கள். விட்ட நாளைச் சரிக்கட்ட டாக்டருக்கும் பௌதிகருக்கும் வழி தெரியும். சொல்லாமல் நின்றுவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

நான்கு: மெஷின் ரிப்பேர் என்று ஒரு நாள் திருப்பி அனுப்பினால் திட்டாதீர்கள். பழுதுபார்த்த மெஷினைப் பௌதிகர் அளந்து பார்க்காமல் நம்மேல் ஓட்டக்கூடாது. அந்தத் தாமதம் நம் உயிருக்குக் காவல்.

சங்கம் செய்யவேண்டியது

என் அக்காள் சிகிச்சையைப் பாதியில் விட்டது அறியாமையால் மட்டும் அல்ல. காசு இல்லாததாலும்தான். ஆகவே இது சங்கத்தின் வேலையும் ஆகும்.

தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். 25 நாள், 35 நாள் தினமும் போய்வர இது போதாது. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. படுக்கை கிடைக்காமலோ வேறு காரணத்தாலோ தங்காவிட்டாலும், தங்கவேண்டிய அளவுக்கு நோய் இருக்கிறது என்று டாக்டர் சான்று எழுதினால் தங்கியதாகவே கொள்ள அதே சட்டத்தில் இடமிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சிகிச்சை தொடங்குமுன் சங்க அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். சங்கமும் ஒருபடி மேலே போகவேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை நாட்களுக்குத் தனி விடுப்பும் பயணச் செலவும் வேண்டும் என்பதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, அளக்கும் ஆளைப் பற்றியது. புது மெஷின் வந்தால் ரிப்பன் வெட்டுகிறார்கள், படம் பத்திரிகையில் வருகிறது. அதை அளக்கும் ஆளின் பதவிக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. புத்ராஜெயாவில் 2013ல் தேசியப் புற்றுநோய்க் கழகம் திறந்ததை வரவேற்றோம். இன்னும் மெஷின்கள் வரட்டும். ஆனால் ஒவ்வொரு மெஷினுக்கும், "இதை அளக்க எத்தனை பௌதிகர்? அவர் லீவில் போனால் யார்? அவர் போட்ட கணக்கை இரண்டாவதாகப் பார்ப்பது யார்?" என்று நம் பிரதிநிதிகள் கேட்கவேண்டும். கொலம்பஸில் 22 மாதம் யாரும் கேட்காத கேள்விகள் இவை. 2016ஆம் ஆண்டின் சட்டம் 774இல் மருத்துவப் பௌதிகர் தொழிலும் இடம்பெற்றிருக்கிறது. சட்டத்தில் பெயர் இருந்தால் போதாது, ஆஸ்பத்திரியில் ஆளும் இருக்கவேண்டும்.

கணக்கிலும் பௌதிகத்திலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை என்று மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலுக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. ஸ்டெத்தாஸ்கோப் இல்லாமலும் உயிரைக் காப்பாற்றலாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தோழர்களே, பால் கணக்கில் ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்காத நாம், நம் வீட்டுப் பெண்களின் உயிர்க் கணக்கில் அலட்சியமாக இருக்கலாமா? அடுத்த தடவை நம் வீட்டில் யாருக்காவது கதிர்வீச்சு என்று சொன்னால், பயந்து ஓடாமல், கைகட்டி நிற்காமல், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இங்கே மெஷினை அளந்து பார்க்கிறவங்க யாருங்க?" சந்தோஷமாகக் காட்டுவார்கள். என் அக்காள் கேட்டபோது எனக்குத் தெரியாமல் போன பதில் அதுதான்.